ஈயமா, காரீயமா, லெட்டா, பிளம்பமா? ஒரு சொம்பில் தொடங்கிய சந்தேகம்

ரசப்பிரியா
எல்லோருக்கும் வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நேற்று தனிம வரிசை அட்டவணையை உரக்க மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். 82க்கு வந்ததும் நின்றுவிட்டாள். ஆங்கிலத்தில் எல்-இ-ஏ-டி என்று எழுதுகிற உலோகத்துக்குக் குறியீடு ஏன் பி-பி? அதில் பி-யும் இல்லை, இன்னொரு பி-யும் இல்லையே என்றாள். தமிழ்ப் பெயர் காரீயம் என்று பார்த்ததும் திரும்பி அடுப்படியைப் பார்த்தாள். அங்கே என் மாமியார் கொடுத்த ஈயச் சொம்பு. "அம்மா, நீ லெட்லயா ரசம் வைக்கிறே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று ரசம் எவர்சில்வரில்தான் வைத்தேன், வாசனையே இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாத்தியார்82
முதலில் பி-பி. அது லத்தீன் பிளம்பம் என்பதன் சுருக்கம். இப்போது நாம் எழுதும் எழுத்துக் குறியீடுகளைச் சுவீடனின் பெர்சீலியஸ் 1813 வாக்கில் முன்வைத்தார். ஒவ்வொரு நாட்டிலும் உலோகங்களுக்கு ஒவ்வொரு பெயர், எல்லாப் படித்தவர்களுக்கும் பொதுவாக இருந்தது லத்தீன், அதனால் அதிலிருந்து எடுத்தார். பி மட்டும் போட்டால் அது பாஸ்பரஸ். எனவே பிளம்பத்தின் நடுவிலிருந்து இன்னொரு பி.

ஆங்கிலப் பெயருக்கும் குறியீட்டுக்கும் ஒட்டாத தனிமங்கள் மொத்தம் 11: சோடியம், பொட்டாசியம், இரும்பு, செம்பு, வெள்ளி, வெள்ளீயம், ஆண்டிமனி, டங்ஸ்டன், தங்கம், பாதரசம், காரீயம். இதில் டங்ஸ்டன் மட்டும் லத்தீன் இல்லை, வொல்ஃப்ராம் என்ற ஜெர்மன் பெயர்.

உங்கள் மகள் "லெட்" என்று சரியாக உச்சரித்ததற்கு முதலில் ஒரு சபாஷ். என் வகுப்பில் ஆண்டுக்கு இரண்டு பேராவது "லீட் அசிடேட்" என்று வாசிப்பார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. தலைமை தாங்கும் லீடுக்கும் இந்த லெட்டுக்கும் எழுத்து ஒன்றுதான், பிறப்பு வேறு.

ரசப்பிரியா
நன்றி சார். சரி, சொம்பு?

கொத்தனார்மகன்
சொம்புக்கு வாத்தியார் வருவார். அதற்குள் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். அப்பா சுவர் கட்டும்போது "தூக்கு பாத்தியாடா?" என்று கேட்பார். நூலில் கட்டிய தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்ப்பது. ஆங்கிலத்தில் இதற்குப் பிளம் லைன். அதுவும் இந்தப் பிளம்பம்தான், ஏனென்றால் பழைய குண்டு ஈயக்குண்டு. சின்ன அளவில் நல்ல கனம், வார்ப்பதும் சுலபம்.

குழாய் வேலை செய்கிறவர் பிளம்பர் ஆனதும் இப்படித்தான். ரோமில் குழாய்கள் ஈயத்தகட்டைச் சுருட்டிச் செய்தவை, அந்த வேலைக்காரர் பிளம்பாரியஸ். இன்றைக்கு எங்கள் தெரு பிளம்பர் பையில் இருப்பதெல்லாம் பிவிசியும் பசையும்தான், ஈயம் ஒரு குன்றிமணிகூடக் கிடையாது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. ஆங்கிலேயர்கள் அதைப் "பிளம்மர்" என்றுதான் சொல்வார்கள், நடுவிலுள்ள பி ஊமை. நாம் எழுத்தைப் பார்த்து "பிளம்பர்" என்கிறோம். பிளம்பத்தின் ப நம் வாயில்தான் உயிரோடு இருக்கிறது!

வாத்தியார்82
அருமை. ரசமட்டத்தை விட்டுவிட்டீர்களே! கிடைமட்டம் பார்க்கும் கருவியில் இப்போது சாராயக் குமிழிதான் ஓடுகிறது, பெயரில் மட்டும் ரசம், அதாவது பாதரசம். தூக்குக்குண்டில் ஒரு உலோகம், மட்டத்தில் ஒரு உலோகம்.

சொல்வேட்டை
தாமதமாக வருகிறேன், ஆனால் இது என் களம்.

சொம்புக் குழப்பத்துக்கு வேர் "ஈயம்" என்ற ஒற்றைச் சொல்தான். தமிழில் அது இரண்டு உலோகங்களுக்கும் பொது. பிரித்துச் சொல்ல வேண்டுமானால் நிறத்தைச் சேர்த்துக் காரீயம், வெள்ளீயம். ரோமானியர்களும் இதையேதான் செய்தார்கள். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த மூத்த பிளினி, தன் "இயற்கை வரலாறு" நூலின் 34ஆம் புத்தகத்தில், பிளம்பம் இரண்டு வகை என்கிறார்: கறுப்பு, வெள்ளை. பிளம்பம் நிக்ரம் என்பது காரீயம். பிளம்பம் அல்பம் என்பது வெள்ளீயம். சொல்லுக்குச் சொல் நம்முடையது மாதிரியே!

இப்போது வெள்ளீயத்துக்குக் குறியீடாக இருக்கும் எஸ்-என், ஸ்டானம் என்ற பெயரிலிருந்து. பிளினி காலத்தில் ஸ்டானம் என்றால் வெள்ளீயமே இல்லை, வெள்ளியும் காரீயமும் கலந்த ஒரு கலவை. சில நூற்றாண்டு கழித்துத்தான் அந்தப் பெயர் வெள்ளீயத்துக்கு நகர்ந்தது. ஆக "லத்தீன் பெயர் திட்டவட்டமானது, நம் பெயர்தான் குழப்பம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழைய லத்தீன் நூலில் பிளம்பம் என்று மட்டும் இருந்தால் எந்த ஈயம் என்று மொழிபெயர்ப்பாளர் இன்றும் மண்டையைச் சொறிய வேண்டியிருக்கிறது.

மூத்தகுடி
அப்படியானால் ரோமானியர்கள் நம்மிடமிருந்துதானே எடுத்திருக்க வேண்டும்? முசிறிக்கு அவர்கள் கப்பல் வந்ததே. கார், வெள் என்று பிரித்தது நாம், அதை அவர்கள் மொழிபெயர்த்துக்கொண்டார்கள். இதைவிட என்ன சான்று வேண்டும்?

சொல்வேட்டை
கப்பல் வந்தது உண்மை, மூத்தகுடி. ஆனால் அந்தக் கப்பலில் என்ன வந்தது என்று பாருங்கள். கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய "பெரிப்ளஸ்" முசிறியில் இறங்கும் சரக்குகளைப் பட்டியலிடுகிறது: செம்பு, வெள்ளீயம், காரீயம். பிளினியும் அதே 34ஆம் புத்தகத்தில், இந்தியாவில் செம்பும் இல்லை பிளம்பமும் இல்லை, முத்தையும் மணியையும் கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள் என்கிறார். இந்தியா முழுவதற்கும் அவர் சொன்னது மிகை. ஆனாலும் ஈயம் நம் கரைக்கு வந்த சரக்கு, இங்கிருந்து போன சரக்கு இல்லை. சரக்கைக் கொண்டுவந்தவன் அதன் பெயரை வாங்குகிறவனிடம் கற்றுப்போனான் என்பது கொஞ்சம் இடிக்கிறது.

அதற்காக அவர்களிடமிருந்து நாம் எடுத்தோம் என்றும் நான் சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று கறுக்கும், ஒன்று பளிச்சென்று கிடக்கும். கண்ணுள்ள எவனும் இந்தப் பெயரைத்தான் வைப்பான்.

ஈப்போக்காரன்
சொல்வேட்டை சொன்னதற்கு மலேசியாவிலிருந்து ஒரு சாட்சி. மலாயில் தீமா என்றால் ஈயம். தீமா பூத்தே, வெள்ளை ஈயம். தீமா ஈத்தாம், கறுப்பு ஈயம், அதாவது காரீயம். ரோமானியனிடம் கேட்டா வைத்தார்கள்?

எங்கள் ஊரில் ஈயம் என்று சொன்னால் யாருக்கும் காரீயம் நினைவுக்கு வராது. கிந்தா பள்ளத்தாக்கு முழுக்க ஈயச் சுரங்கமாக இருந்த இடம், எல்லாம் வெள்ளீயம். 1985இல் உலகச் சந்தையில் விலை சரிந்தபோது ஒவ்வொன்றாக மூடினார்கள். தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நின்று குளமாகிவிட்டது. அதை நாங்கள் ஈயக்குட்டை என்போம். ஈயக்குட்டைப் பக்கம் போகாதே என்று அம்மா கத்துவது இன்னும் காதில் இருக்கிறது. பயம் விஷத்துக்கு அல்ல, ஆழத்துக்கு.

வாத்தியார்82
ஈப்போக்காரன், உங்கள் ஊர் ஈயம் இந்தப் பக்கமும் பெயர் விட்டுப் போயிருக்கலாம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைக் கலாய் என்றும் சொல்வோமல்லவா? அது அரபியில் வெள்ளீயத்தைக் குறிக்கும் கலயி என்ற சொல். மலாய்க் கரையில் இருந்த கலா என்ற துறைமுகத்தின் பெயரால் வந்தது என்பது பலர் சொல்லும் விளக்கம். அந்தக் கலாதான் நம் கடாரம் என்று சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகத் தயாரில்லை.

கொத்தனார்மகன்
கலாய் பூசுகிறவர் எங்கள் தெருவுக்கு வருவார். தரையில் குழி, கரி, துருத்தி. அண்டாவைச் சூடாக்கி, நவச்சாரத் தூளைப் போட்டுப் பஞ்சால் துடைப்பார். வெள்ளைப் புகை மூக்கில் ஏறும். அப்புறம் ஈயக்குச்சியை ஒரு இழுப்பு இழுத்து அதே பஞ்சால் சுற்றித் தேய்த்தால் மஞ்சள் அண்டா ஒரு நொடியில் உள்ளே வெள்ளியாகிவிடும். "ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை" என்ற பழமொழி அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

மலைநாட்டுக்_கரிக்கோல்
இலங்கையில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் காரீயம், காரீயம் என்று கதைக்கும்போது எனக்குத் தலை சுற்றுகிறது. நாங்கள் பள்ளியில் படித்த காரீயம் பென்சிலுக்குள் இருக்கும் பொருள். போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் எடுப்பது அதுதான். உலோகத்தை நாங்கள் வெறுமனே ஈயம் என்போம். அப்ப உங்கள் பிள்ளையின் பாடப்புத்தகத்தில் 82க்குக் காரீயம் என்று போட்டிருப்பதை இங்குள்ள பிள்ளை பார்த்தால், பென்சில்கரிக்கு எப்படி அணு எண் 82 வந்தது என்று கேட்கும்.

வாத்தியார்82
இது நான் எதிர்பார்க்காத திருப்பம். ஆனால் இதில் நீங்கள் தனி ஆள் இல்லை, ஐரோப்பாவே உங்கள் பக்கம்.

பென்சிலுக்கு முன்னால் எழுத்தர்கள் கோடு போடப் பயன்படுத்தியது உண்மையான ஈயக்குச்சி. காரீயத்தைத் தாளில் இழுத்தால் சாம்பல் நிறக் கோடு விழும். பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேலில் ஒரு கறுப்புப் பொருள் கிடைத்தது, ஈயத்தைவிடக் கறுப்பாக எழுதியது. உடனே அதையும் ஈய வகை என்று எண்ணிக் கறுப்பு லெட், லத்தீனில் பிளம்பேகோ என்றார்கள். பிளம்பேகோ என்றால் ஈயம் போன்றது. 1779இல் ஷீலே அதை எரித்துப் பார்த்து, இதில் ஈயமே இல்லை, கரி என்று காட்டினார். 1789இல் வெர்னர், எழுதுவது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து கிராஃபைட் என்று புதுப்பெயர் வைத்தார். ஆனால் ஆங்கிலேயன் இன்றும் லெட் பென்சில் என்கிறான், ஜெர்மானியன் பிளைஸ்டிஃப்ட், ஈயக்குச்சி என்கிறான். இலங்கையில் ஆங்கிலேயர் காலத்தில் ஏற்றுமதியானது பிளம்பேகோ என்ற பெயரில்தான். அதைக் கறுப்பு ஈயம் என்று தமிழாக்கினால் வருவது காரீயம். உங்கள் சொல் அந்த வழியில் வந்தது என்றே நினைக்கிறேன்.

மாலிப்டினமும் இந்தக் கூட்டுக் குழப்பத்தில் பிறந்த பெயர்தான். கிரேக்கத்தில் மோலிப்டோஸ் என்றால் காரீயம். கறுப்பாக வழுக்கும் எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைத்தார்கள், பிறகு பிரித்தபோது ஒரு புதிய உலோகத்துக்கு ஈயத்தின் கிரேக்கப் பெயர் போய்ச் சேர்ந்தது.

ஆகவே பென்சில் குத்தினால் ஈய விஷம் ஏறும் என்று பயப்படும் பெற்றோர் பயப்பட வேண்டாம். உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும்.

மலைநாட்டுக்_கரிக்கோல்
பிளம்பேகோ என்ற பெயரில் ஒரு செடியும் இருக்கிறதே, பிளம்பேகோ ஜெய்லானிக்கா? அதன் பெயரிலும் ஈயமும் இலங்கையுமா!

சொல்வேட்டை
ஆமாம், நம் கொடிவேலி. சித்திரமூலம் என்றும் சொல்வார்கள். குறிஞ்சிப்பாட்டில் வரும் செங்கொடுவேரி இதன் சிவப்பு உறவினர்.

ஓய்வுபெற்ற_கம்பாசிட்டர்
அச்சகத்தில் 26 ஆண்டு எழுத்துக் கோத்தவன் நான். ஈயத்தோடு என்னைவிட யார் பழகியிருப்பார்கள்? எழுத்து வார்க்கும் உலோகத்தில் பெரும்பங்கு காரீயம், கடினமாக்க ஆண்டிமனி, நன்றாக ஓட வெள்ளீயம். மாலையில் கை கழுவினால் தண்ணீர் கறுத்து ஓடும். கழுவாமல் வடை எடுத்தால் மேஸ்திரி கையில் ஸ்டிக்காலேயே தட்டுவார்.

வரிக்கும் வரிக்கும் நடுவில் மெல்லிய ஈயப் பட்டை செருகுவோம். அதற்குப் பெயரே லெட். "பக்கம் நெருக்கமா இருக்கு, ஒரு லெட் போடு" என்பார் மேஸ்திரி. இப்போது பேரன் கம்ப்யூட்டரில் வடிவமைக்கிறான். வரி இடைவெளிக்கான பெட்டியைக் காட்டி "லீடிங்" என்றான். டேய், அது லெடிங், உள்ளே இருப்பது ஈயம் என்றேன். யூடியூபில் எல்லாரும் லீடிங் என்றுதான் சொல்கிறார்கள் என்று என்னையே திருத்தினான்!

வாத்தியார்82
ஐயா, பேரனை என் வகுப்புக்கு அனுப்புங்கள். பெட்ரோல் பங்கில் "அன்லெடட்" என்று எழுதியிருந்ததையும் முன்னணியில் இல்லாத பெட்ரோல் என்று புரிந்துகொண்டவர்களை எனக்குத் தெரியும். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000இல் நின்றது, உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021இல்.

மூலிகைமணி
ஒரு எச்சரிக்கை. மருந்துப் பெயர்களில் இந்தக் குழப்பம் விளையாட்டில்லை. சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம். ஆயுர்வேதத்தில் நாகம் என்றால் காரீயம். வங்கம் என்பது வடமொழியில் வெள்ளீயம், சித்தத்தில் மறுபடி கறுப்பு வெள்ளை: கருவங்கம் காரீயம், வெள்வங்கம் வெள்ளீயம். ஒரே பெயரைப் பார்த்துக் கடையில் எதையாவது வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள்.

மூத்தகுடி
எங்கள் பாட்டி எண்பது வயது வரை ஈயச் சொம்பு ரசம்தான் சாப்பிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு?

வாத்தியார்82
பாட்டியின் சொம்பு வெள்ளீயம், அதனால் ஒன்றும் ஆகவில்லை. அது காரீயமாக இருந்திருந்தால் புளியே அதைக் கரைத்திருக்கும். ரோமானியர்கள் திராட்சைச் சாற்றை ஈயப் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சி இனிப்புப் பாகு செய்தார்கள். புளிப்பும் ஈயமும் சேர்ந்து உண்டாகும் உப்பே இனிக்கும், அதற்குப் பெயர் ஈயச் சர்க்கரை. அந்தக் காலத்திலேயே கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், ஈயக் குழாயைவிட மண்குழாய் நல்லது, ஈயம் வார்ப்பவர்களின் வெளிறிய முகத்தைப் பாருங்கள் என்று எழுதினார்.

ரசப்பிரியா, இப்போது உங்கள் சொம்பு. ஒரிஜினல் ஈயச் சொம்பு வெள்ளீயம்தான். பயம், மலிவுக்காகக் காரீயம் கலந்திருக்குமோ என்பதில். வெள்ளீயத்தின் அடர்த்தி 7.29, காரீயம் 11.34. எடையையும் கன அளவையும் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

ரசப்பிரியா
செய்துவிட்டேன் சார்! எடை 612 கிராம். வாளி நிறையத் தண்ணீர் வைத்து, சொம்பை மூழ்கவிட்டு, வழிந்த தண்ணீரைத் தட்டில் பிடித்து அளந்தோம். 76 மில்லி. வகுத்தால் 8.05. காரீயம் இருக்கிறதா? மகள் அழுகிற நிலையில் இருக்கிறாள்.

வாத்தியார்82
8.05 என்றால் கணக்குப்படி ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு காரீயம். ஆனால் உங்கள் அளவை நான் நம்பவில்லை. வழிந்த தண்ணீர் வாளியின் வெளிப்பக்கத்தில் ஒட்டும், தட்டில் தங்கும், எல்லாம் குறைவாகத்தான் காட்டும். இப்படிச் செய்யுங்கள். சமையல் தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். சொம்பை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கும்படி கையில் பிடியுங்கள். தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மில்லி. உள்ளே காற்றுக்குமிழி நிற்காமல் சாய்த்து எடுத்துவிடுங்கள்.

கொத்தனார்மகன்
அதாவது சொம்பையே தூக்குக்குண்டு ஆக்கச் சொல்கிறார்.

ரசப்பிரியா
மூன்று தடவை பார்த்தோம். 84, 84, 84. மகள் கால்குலேட்டரைத் தட்டிவிட்டுக் கத்தினாள்: 7.29!

வாத்தியார்82
நல்ல சேதி. பெரிய அளவில் காரீயம் இல்லை. ஆனால் இதை முழுச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றிரண்டு சதவீதம் இந்தத் தராசுக்குச் சிக்காது. துத்தநாகமோ ஆண்டிமனியோ சேர்த்திருந்தால் அவை அடர்த்தியைக் குறைத்துக் காரீயத்தை மறைத்தும்விடும். உணவு விஷயத்தில் ஒரு சதவீதமும் வேண்டாம், ஆய்வகத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். அப்புறம் எப்போதும் திரவம் இருக்கும்போதுதான் அடுப்பில் வையுங்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். காரீயம் 327.

ரசப்பிரியா
அது எனக்கு நன்றாகத் தெரியும் சார். கல்யாணமான புதிதில் வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு ஃபோன் எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் பர்னரைச் சுற்றிப் பாதரசம் மாதிரி உருண்டை உருண்டையாக ஓடுகிறது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் கும்பகோணம் போனபோது இன்னொன்று வாங்கி வந்து கையில் கொடுத்தார். நாம் அளந்தது அந்த இரண்டாவது சொம்பை.

ஓய்வுபெற்ற_கம்பாசிட்டர்
கும்பகோணத்தில் வாங்கும்போது கடைக்காரர் ஈயப் பட்டையைக் காதருகே வளைத்துக் காட்டினாரா? நல்ல வெள்ளீயத்தை வளைத்தால் உள்ளுக்குள் நொறுங்குவது போலக் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். காரீயம் ஊமை. எங்கள் மேஸ்திரி கட்டியை அப்படித்தான் பார்த்து வாங்குவார்.

ரசப்பிரியா
இப்போதுதான் மாமியாரிடம் ஃபோனில் கேட்டேன். "ஆமா, வளைச்சுக் காமிச்சான், முனகுச்சு. முனகாட்டா வாங்கியிருக்க மாட்டேன்" என்றார். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீ கேக்கலையே" என்றார். சொம்பு திங்கட்கிழமை ஆய்வகத்துக்குப் போகிறது. முடிவு வந்ததும் இங்கே போடுகிறேன்.